இணையத்தைக் காதால் படித்தவர்கள்: அணுகல் வசதியின் வரலாறு

பார்வையற்றவர், காது கேளாதவர், மவுஸைப் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர், எழுத்துகள் குழம்பித் தெரிபவர் என எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி இணையதளத்தை வடிவமைப்பதை அணுகல் வசதி என்கிறார்கள். இணையம் வளர்ந்து முடிந்த பிறகு இரக்கத்தின் பேரில் ஓரமாக ஒட்டவைக்கப்பட்ட சலுகை இது என்று நினைப்பவர்கள் அதிகம். நடந்தது வேறு. 1991-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது இணையப் பக்கம் என்பது ஏறத்தாழ வெறும் எழுத்து. கண்ணால் படித்தாலும் காதால் கேட்டாலும் கிடைத்த பொருள் ஒன்றே. பின்னால் வந்து சேர்ந்த படங்களும் அலங்காரங்களும்தான் சிலரை வெளியே தள்ளின. தள்ளப்பட்டவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. நிரல் எழுதினார்கள், விதி வகுக்கும் குழுக்களில் உட்கார்ந்தார்கள், நீதிமன்றப் படி ஏறினார்கள். அணுகல் வசதியின் வரலாறு பெரும்பாலும் அவர்களுடைய உழைப்பின் வரலாறு.

இணையத்துக்கு முன்பே கணினி பேசத் தொடங்கியிருந்தது. 1980களின் ஐபிஎம் தனிக்கணினியில் திரை என்பது 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 2,000 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பது நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்களாகப் பதிந்திருக்கும். அந்த எண்களை எடுத்துப் பேச்சுக் கருவிக்கு அனுப்பினால் திரையில் உள்ளதைக் குரல் படித்துக் காட்டிவிடும். ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பானின் அடிப்படை இவ்வளவுதான். ஐபிஎம் ஆய்வகத்தில் கணிதவியலாளராக இருந்த ஜிம் தாட்சர், தம்முடைய முனைவர் பட்ட வழிகாட்டியும் பிற்பாடு உடன் பணியாற்றியவருமான ஜெஸ்ஸி ரைட்டுடன் சேர்ந்து இத்தகைய மென்பொருளை உருவாக்கினார். ரைட் பார்வையற்றவர். 1986-ல் ஐபிஎம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான டெட் ஹென்டர் 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார்; அதன்பின் கணினித் துறைக்கு வந்தார். பில் ஜாய்சுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் 1989-ல் ‘ஜாஸ்’ என்ற திரைவாசிப்பானை வெளியிட்டது. அந்தக் காலக் கணினியில் பார்வையற்ற நிரலாளருக்கும் பார்வையுள்ள நிரலாளருக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இருவருக்கும் முன்னால் இருந்தது எழுத்து மட்டுமே.

இந்தச் சமநிலையை முதலில் குலைத்தது இணையம் அல்ல, மெக்கின்டோஷும் விண்டோஸும். 1984-ல் மெக்கின்டோஷ் வந்தபோதும், 1990-ல் விண்டோஸ் 3.0 அலுவலகங்களை நிரப்பத் தொடங்கியபோதும் திரை எழுத்துக் கட்டங்களாக இல்லாமல் புள்ளிகளின் பரப்பாக மாறியது. ‘அ’ என்ற எழுத்தும் குப்பைத்தொட்டிச் சின்னமும் கணினிக்கு ஒரே மாதிரியான புள்ளிக் கூட்டங்கள். திரைவாசிப்பான் படிக்க எண் எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருந்த வேலையே போய்விடும் என்று பார்வையற்ற ஊழியர்கள் அஞ்சிய காலம் அது. பெர்க்லி சிஸ்டம்ஸ் 1989-ல் மெக்கின்டோஷுக்காக வெளியிட்ட ‘அவுட்ஸ்போக்கன்’ ஒரு வழியைக் காட்டியது. திரையில் எழுத்தை வரையும்படி நிரல் இடும் கட்டளையை இடையிலேயே பிடித்து, எந்த இடத்தில் எந்தச் சொல் வரையப்படுகிறது என்பதைத் தனியாகக் குறித்துவைப்பதுதான் இந்த வகை மென்பொருள்களின் உத்தி. கண்ணுக்குத் தெரியும் திரைக்குப் பின்னால் எழுத்தாலான இன்னொரு திரை இப்படி உருவானது. ஐபிஎம்மின் ரிச்சர்ட் ஷ்வெர்ட்ஃபெகர் 1991 டிசம்பரில் ‘பைட்’ இதழில் இந்த முறையை விளக்கி எழுதினார். அவர் பெயர் இந்த வரலாற்றில் மறுபடியும் வரும். விண்டோஸுக்கான ஜாஸ் 1995 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. அதற்குள் உலகம் இணையத்துக்குள் நுழைந்துவிட்டது.

செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த எச்டிஎம்எல் மொழி, ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது இணைப்பு என்பதைச் சொன்னது. எந்த எழுத்துரு, எத்தனை பெரிது, என்ன நிறம் என்பதையெல்லாம் படிப்பவரின் உலாவி தீர்மானித்துக்கொள்ளலாம். பெரிய எழுத்து வேண்டியவர் பெரிதாக்கிக்கொள்ளலாம். குரல் வேண்டியவர் குரலில் கேட்கலாம். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ல் உருவான ‘லிங்ஸ்’ என்ற உலாவி எழுத்தை மட்டுமே காட்டியது. டாஸ் இயங்குதளத்துக்கான திரைவாசிப்பானையும் லிங்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்ட பார்வையற்றவர் அன்றைய இணையத்தின் பெரும்பகுதியைத் தாராளமாகப் படித்தார். அணுகல் வசதி என்று தனியாக ஒன்றைப் பேச வேண்டிய தேவையே அப்போது இல்லை.

1993 பிப்ரவரி 25 அன்று உலாவி உருவாக்குநரான மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள்ளேயே படத்தைக் காட்டும் ஒரு குறிச்சொல்லை முன்மொழிந்தார். அது கட்டாயமாகக் கேட்டது படம் இருக்கும் முகவரியை மட்டுமே. படம் தெரியாதவருக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. படத்துக்கு ஈடாகப் படிக்கத்தக்க மாற்றுரை 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0-வில் இடம்பெற்றது, அதுவும் விருப்பப்பட்டால் தரலாம் என்ற அளவில். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 தான் அதைக் கட்டாயமாக்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் இணைய வடிவமைப்பு ஒரு தொழிலாகவே உருவெடுத்துவிட்டது. மாற்றுரை இல்லாமல் பக்கம் செய்வது அந்தத் தொழிலின் பழக்கமாக ஊறிவிட்டது. பின்னர் வந்த எந்த விதியாலும் அந்தப் பழக்கத்தை முழுவதுமாகக் களைய முடியவில்லை.

அச்சு இதழ்களிலிருந்து வந்த வடிவமைப்பாளர்களுக்குப் பக்கம் தாங்கள் வரைந்தபடியே எல்லோர் திரையிலும் தெரிய வேண்டும். எச்டிஎம்எல் அதற்கு இடம் தராததால் சுற்றுவழிகளைக் கண்டுபிடித்தார்கள். புள்ளிவிவரம் தருவதற்கென உருவான அட்டவணையைப் பத்திகளைப் பிரிக்கும் சட்டமாக்கினார்கள். இடைவெளிக்காகக் கண்ணுக்குத் தெரியாத சிறு படங்களைச் செருகினார்கள். அழகான எழுத்துரு வேண்டுமென்று தலைப்புகளையே படமாக்கினார்கள். அன்றைய திரைவாசிப்பான்கள் திரையின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை ஒரே வரியாகப் படித்தன. அதனால் மூன்று பத்திகளாக அமைந்த செய்திப் பக்கத்தில் முதல் செய்தியின் பாதி வாக்கியம், நடுப்பத்தியின் விளம்பரம், மூன்றாம் பத்தியின் வானிலை எல்லாம் ஒரே மூச்சில் கலந்து ஒலித்தன. மாற்றுரை இல்லாத படம் வந்தால் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தன.

இதை முதலில் உணர்ந்து எச்சரித்தவர்களில் கனடாவின் யூரி ரூபின்ஸ்கி, அமெரிக்காவின் மைக் பாசியெல்லோ இருவரும் முக்கியமானவர்கள். 1994 அக்டோபரில் சிகாகோவில் கூடிய இரண்டாம் உலக இணைய மாநாட்டிலேயே இந்தப் பேச்சு எழுந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில் பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்நுட்பத்தில் உழைத்துவந்த கிரெக் வாண்டர்ஹைடன், இணையதளம் செய்பவர்களுக்கான முதல் வழிகாட்டித் தொகுப்பை 1995 ஜனவரியில் வெளியிட்டார். பிறகு ஆங்காங்கே வெவ்வேறு குழுக்கள் எழுதிய விதிகளையும் திரட்டி அவர் ஒன்றாக்கினார். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1997-ல் அணுகல் வசதிக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, ஜூடி புரூவரை அதன் இயக்குநராக்கியது. டிரேஸ் மையத்தின் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1999 மே 5 அன்று இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு வெளியானது. 14 வழிகாட்டுதல்கள், 65 சோதனைப் புள்ளிகள், மூன்று முன்னுரிமை நிலைகள். கட்டாயம் செய்ய வேண்டியது, செய்தாக வேண்டியதற்கு அடுத்தது, செய்தால் நல்லது என்ற வரிசை பின்னாளில் உலகெங்கும் சட்டங்களுக்குள் புகுந்தது.

இந்த முதல் பதிப்பு பிறக்கும் முன்பே சோதனைக் கருவி பிறந்துவிட்டது. 1996-ல் காஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு ‘பாபி’ என்ற இலவச நிரலை வெளியிட்டது. முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தின் குறைகளைப் பட்டியலிடும். தேறினால் ஒரு போலீஸ்காரர் சின்னத்தைத் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். சின்னத்துக்கு ஆசைப்பட்டே ஏராளமான தளங்கள் திருத்தப்பட்டன. ஆனால் மாற்றுரை இருக்கிறதா என்பதை மட்டுமே நிரல் அறியும்; அது பொருளோடு இருக்கிறதா என்பதை அறியாது. ‘படம்1’ என்று எழுதிவைத்தாலும் தேர்ச்சிதான். தானியங்கிச் சோதனையை மட்டும் நம்பும் இந்தக் கோளாறு அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை.

வழிகாட்டுதல்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பார்வையற்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். திரையில் தெரிவதை அப்படியே ஒப்பிப்பதுதான் காதுக்கான வாசிப்பா? டி.வி. ராமன் புனேயில் வளர்ந்தவர்; பதினான்கு வயதில் குளுக்கோமாவால் பார்வை இழந்தார். மும்பை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1994-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், கணிதச் சமன்பாடுகளைக் குரலில் தரும் ‘ஆஸ்டர்’ என்ற அமைப்பை உருவாக்கினார். தம்முடைய வழிகாட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். அடுக்குக்குறி வரும்போது குரலின் சுருதி உயரும். கீழ்க்குறி வரும்போது தாழும். கண் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும் அமைப்பைக் காதும் பிடித்துக்கொள்ள இது வழிசெய்தது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட ‘ஈமாக்ஸ்பீக்’ திரையைப் படிப்பதையே விட்டுவிட்டது. நிரலுக்குள் தகவல் எந்த வடிவில் இருக்கிறதோ அங்கிருந்தே எடுத்துப் பேசியது. நாட்காட்டியில் ஒரு தேதியின் மேல் நின்றால் திரைவாசிப்பான் வெறும் எண்ணைச் சொல்லும். ஈமாக்ஸ்பீக் கிழமை, மாதம், ஆண்டோடு சேர்த்துச் சொல்லும். பக்கத்தின் தோற்றத்தைக் குறிப்பதற்காக 1998-ல் வெளியான சிஎஸ்எஸ் 2 தரத்தில் தலைப்பை எந்தக் குரலில், எந்த வேகத்தில் பேச வேண்டும் என்று குறிக்கும் பகுதி இடம்பெற்றதில் ராமனின் பங்கு பெரிது. உலாவி நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. காதுக்கான வடிவமைப்பு என்ற அந்த அருமையான சிந்தனை இணையத்தில் வேர்விடாமல் போனது பெரிய இழப்பு.

டோக்கியோவில் சியேகோ அசகாவாவின் பாதை இன்னும் நேராகப் பயனருக்குப் போய்ச் சேர்ந்தது. நீச்சல் குளத்தில் அடிபட்டுப் பதினான்கு வயதில் முழுவதுமாகப் பார்வை இழந்த அவர், 1985-ல் ஜப்பான் ஐபிஎம்மில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அவருடைய குழு உருவாக்கிய ‘ஹோம் பேஜ் ரீடர்’ 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஆங்கிலத்துக்கும் பிற மொழிகளுக்கும் பரவியது. விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகளாலேயே முழு இணையத்தையும் சுற்றிவரலாம். சாதாரண எழுத்தை ஆண் குரலும் இணைப்புகளைப் பெண் குரலும் படித்தன. குரல் மாறியதும் இது அழுத்தத்தக்கது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ‘இணைப்பு, இணைப்பு’ என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை எளிய தீர்வு, நாள் முழுதும் அதைக் காதால் கேட்கப் போகும் ஒருவருக்கே தோன்றும்.

கருவியும் வழிகாட்டுதலும் இருந்தும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2000 வரை பதில் இல்லை. பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் அதிகாரபூர்வத் தளம் தமக்குப் படிக்கக் கிடைக்கவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்ற பயனர் 1999 ஜூனில் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். படங்களுக்கும் படத்தில் பொதிந்த இணைப்புகளுக்கும் மாற்றுரை இல்லை. போட்டி அட்டவணையிலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை. முடிவுகள் வரும் அட்டவணைகள் குரலில் விளங்கவில்லை. அமைப்புக் குழு இதைச் சரிசெய்ய ஒருவர் 368 நாள் உழைக்க வேண்டும், 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும் என்று வாதிட்டது. முறையீட்டாளர் தரப்பு வல்லுநர்கள் சில வாரங்களில் முடிக்கலாம் என்று சாட்சியம் சொன்னார்கள். தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் செலவு மிகச் சொற்பம் என்றும் காட்டினார்கள். 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையம் மக்வயருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் திருத்தும்படி உத்தரவிட்டது. குழு முழுவதுமாகச் செய்யவில்லை. நவம்பரில் அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. தொகை சிறிது. போட்டிகளும் அதற்குள் முடிந்திருந்தன. இருந்தும், இணையதளத்தை அணுக முடியாமல் வைத்திருப்பது பாகுபாடு என்று ஒரு தீர்ப்பு எழுத்தில் வந்துவிட்டது. கட்டி முடித்த பின் திருத்துவதற்கும் முதலிலேயே சரியாகக் கட்டுவதற்கும் உள்ள செலவு வேறுபாடும் இந்த வழக்கில்தான் பொதுவெளியில் கணக்காக விவாதிக்கப்பட்டது.

அமெரிக்காவில் மத்திய அரசின் தளங்களுக்கு 2001 ஜூன் 21 முதல் அணுகல் வசதி சட்டக் கடமையானது. மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. தனியார் நிறுவனங்களை 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கட்டுப்படுத்துமா என்பது தெளிவின்றிக் கிடந்தது; அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இணையம் பொதுவுக்கு வந்திருக்கவில்லை. டார்கெட் கடைத்தொடர் மீது 2006-ல் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு, 2008-ல் 60 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. காது கேளாதோரின் தேசியச் சங்கம் தொடுத்த வழக்கில் நெட்ஃபிளிக்ஸ், 2014-க்குள் எல்லாப் படங்களுக்கும் தொடர்களுக்கும் வசன எழுத்து தருவதாக 2012-ல் ஒப்புக்கொண்டது. டாமினோஸ் பீட்சா தன் தளமும் செயலியும் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்க மறுத்துவிட்டது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியபோது அதன் 9-ஆம் பிரிவு இணையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

தொழில்நுட்பம் இதற்குள் மறுபடியும் திசைமாறியிருந்தது. 2005 வாக்கில் இணையப் பக்கம் மென்பொருளைப் போல நடந்துகொள்ளத் தொடங்கியது. பக்கம் மறுபடி ஏற்றப்படாமலே ஒரு மூலையில் புதிய அஞ்சல் வந்து நிற்கும். பார்வையுள்ளவர் பார்ப்பார், திரைவாசிப்பானுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. பொத்தான்போல் வரையப்பட்ட பெட்டி விசைப்பலகைக்குச் சிக்காது. இங்கேதான் ஷ்வெர்ட்ஃபெகர் திரும்ப வருகிறார். அவருடைய தலைமையில் உருவான ‘ஏரியா’ என்ற தரம், திரையில் உள்ள ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்கிறது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எந்த மாற்றத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவைக்க வழிசெய்தது. 1991-ல் விண்டோஸ் போன்ற வரைகலைத் திரைக்குப் பின்னால் அவர் விவரித்த எழுத்துத் திரை, இணையத்துக்கான தரமாக 2014 மார்ச்சில் நிறைவேறியது.

வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பர் 11 அன்று வந்தது. ஒன்பது ஆண்டு இழுபறி, நடுவில் வரைவின் மொழி யாருக்கும் விளங்கவில்லை என்று வடிவமைப்பாளர்கள் வெளிப்படையாகக் கண்டித்த சண்டை, எல்லாவற்றையும் கடந்து வந்த ஆவணம் அது. உணரத்தக்கது, இயக்கத்தக்கது, புரியத்தக்கது, உறுதியானது என்ற நான்கு கொள்கைகளின் கீழ் 61 அளவுகோல்கள் அமைந்தன. முதல் பதிப்பின் பல விதிகள் கருத்தாக நின்றன. இதிலோ பெரும்பாலானவை சோதித்துப் பார்க்கத்தக்கவை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்ளலாம். சாதாரணப் பார்வைக்கு 3:1 போதும் என்று முந்தைய தரங்கள் சொல்லியிருந்தன. எண்பது வயதை ஒட்டியவர்களுக்குப் பொதுவாக இருக்கும் பார்வைக் குறைவை ஈடுகட்ட அதை ஒன்றரை மடங்காக்கினார்கள். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைக்கும் நாகரிகம் எத்தனை முதியவர்களை விரட்டுகிறது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது இன்னொரு விதி. 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னியதில், ஏறத்தாழ 700 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்த விதியின் தேவையை அதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

இதே அடிப்படையின் மேல் 2018-ல் 2.1 பதிப்பு கைப்பேசிக்கும் குறைபார்வைக்கும் 17 அளவுகோல்களைச் சேர்த்தது. 2023 அக்டோபரின் 2.2 பதிப்பு, தொடும் இடம் விரலுக்குச் சிக்கும் அளவில் இருக்க வேண்டும் என்றும், உள்நுழைய நினைவாற்றல் சோதனையோ புதிரோ மட்டுமே வழியாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. வளைந்து நெளிந்த எழுத்துகளைக் கண்டுபிடித்துத் தட்டச்சு செய்யச் சொன்ன கேப்ச்சா சோதனைகள், மனிதர்தானா என்று சோதிக்கும் பெயரில் பார்வையற்ற மனிதர்களை ஆண்டுக்கணக்கில் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தன.

விதி எத்தனை நன்றாக இருந்தாலும் திரைவாசிப்பானின் விலை அதைப் பயனற்றதாக்கியது. 2000களில் ஜாஸின் விலை ஏறத்தாழ 1,000 டாலர். பல நேரங்களில் கணினியைவிட அதிகம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 2006 ஏப்ரலில் ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாமில் சிறுவயதிலேயே அறிமுகமான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். பார்வையுள்ளவர் விலை கொடுக்காமல் படிக்கும் திரைக்குப் பார்வையற்றவர் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய எளிய நியாயம். மென்பொருள் இலவசம்; மூலநிரலும் திறந்தது. இந்தியப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கணினி கற்ற பார்வையற்ற மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறு எதுவும் வந்ததில்லை. 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் ‘வாய்ஸ்ஓவர்’ என்ற திரைவாசிப்பானோடு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டுக்கு ‘டாக்பேக்’ என்ற திரைவாசிப்பான் வந்தது. அதைக் கூகுளில் உருவாக்கிய குழுவில் ராமன் இருந்தார்.

ஆனாலும் தளங்கள் மாறிய வேகம் வருத்தமளிக்கிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெப்எய்ம் 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. முதல் ஆண்டில் 97.8 சதவீதப் பக்கங்களில் குறை கண்டது, 2025-ல் 94.8 சதவீதம். அதிகம் காணப்படும் குறை இன்றும் மங்கலான எழுத்துதான். அடுத்து மாற்றுரை இல்லாத படம். 1995-லேயே தீர்வு கிடைத்துவிட்ட பிரச்சினை இது. ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுதும் தானாகவே சரியாகிவிடும் என்று விற்கப்படும் மேற்பூச்சு மென்பொருள்களை நம்பி ஏமாந்த நிறுவனங்கள் பல. அத்தகைய மென்பொருளை விற்ற ஆக்சஸிபி நிறுவனம் பொய்யான உறுதிமொழி தந்ததாகக் கூறி, 10 லட்சம் டாலர் செலுத்தும்படி அமெரிக்க வணிக ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது.

இந்தியாவில் 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சாலையையும் கட்டடத்தையும் போக்குவரத்தையும் பேசியது; இணையத்தைப் பேசவில்லை. தேசியத் தகவலியல் மையம் 2009-ல் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42-ஆம் பிரிவில் மின்னணு வடிவ உள்ளடக்கம் எல்லாம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது. சட்டம் கட்டாயம் என்றபோதும், அதன்கீழ் எழுதப்பட்ட விதிகள் சுட்டிய நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தன. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முரணைச் சுட்டிக்காட்டி, அந்த நெறிகளைச் சுட்டிய 15-ஆம் விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்த்தது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. வங்கிக் கணக்குத் தொடங்க கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்ற விதியால், அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் திருப்பி அனுப்பப்பட்டது குறித்ததே அந்த வழக்கு.

தமிழ்த் தளங்களுக்கு இவற்றோடு இன்னொரு தடையும் இருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவும் முன், ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. கணினியின் கணக்கில் அது ரோமன் எழுத்து. எழுத்துருவின் உருவத்தில் மட்டும் தமிழ். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த கட்டுரை திரைவாசிப்பானின் வாயில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது. உருவத்தை வைத்துக் குறித்ததால் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளாக, பார்வைக்கு வரும் வரிசையில் பதிந்தது. யூனிகோடு மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. உச்சரிப்பின் வரிசையும் அதுவே என்பதால் பேச்சு மென்பொருளுக்கு வேலை எளிதாயிற்று. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. தமிழ் பேசும் ‘ஈஸ்பீக்’ குரலோடும் தமிழ் இடைமுகத்தோடும் என்விடிஏ இன்று கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் ‘வள்ளுவர்’ என்ற குரலையும் ஆப்பிள் ‘வாணி’ என்ற குரலையும் தருகின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டு மௌனமாகக் கடந்துவிடக்கூடும் என்பதால், அந்தச் சிறு குறிப்பு இங்கே முக்கியமானது.

மிச்சம் இருக்கும் பெரிய சிக்கல் பிடிஎஃப். அரசாணைகளும் அறிவிப்புகளும் அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்து பதிவேற்றப்படுவது வழக்கம். அப்படி ஏறிய கோப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்துக்கு ஒரு படம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை அறிவிப்பாக இருந்தாலும் அதைப் படிக்க வேண்டியவரே படிக்க முடியாது. 2023-ல் வந்த அரசுத் தள நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2.1 வழிகாட்டுதல்களின் இரண்டாம் நிலையை அளவாக வைக்கிறது. ஸ்கேன் படம் அந்த அளவைத் தொடாது. அந்த ஆணையைத் தட்டச்சு செய்த மூலக்கோப்பு அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. யூனிகோடில் உள்ள அந்தக் கோப்பையும் கையெழுத்திட்ட நகலுக்குப் பக்கத்திலேயே ஏற்றிவிட்டால், வேறு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வாங்காமலே திரைவாசிப்பான் அதைப் படித்துவிடும்.